தெருதான் கடை: சென்னை ஜார்ஜ் டவுன் பற்றி வாசகர் கேள்விகள்

பள்ளி விடுமுறை நெருங்கினால் சென்னைக்கு டிக்கெட் போடுகிற வீடுகள் சிங்கப்பூரில் நம்மிடையே நிறைய. தி. நகர் எல்லாருக்கும் அத்துபடி. பாரிமுனையும் சௌகார்பேட்டையும் என்றால்தான் தயக்கம். அந்தப் பக்கத்துக் கடைவீதிகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த மாதம் பதில்.

கேள்வி: இங்கே தேக்காவில் கிடைக்காத சாமான் எல்லாம் பாரிஸில், அதாவது பாரிமுனையில், கிடைக்கும் என்கிறார்கள். எங்கே இறங்கி எங்கிருந்து தொடங்குவது? ஒரே நாளில் முடியுமா? (தெம்பனிஸ் வாசகி)

முதலில் வரைபடம் மனத்தில் பதியட்டும். கிழக்கே துறைமுகத்தை ஒட்டி ராஜாஜி சாலை. அங்கே, பாரி நிறுவனத்தின் டேர் ஹவுஸ் நிற்கிற மூலைதான் பாரிமுனை. தாமஸ் பாரி 1788இல் வியாபாரம் தொடங்கியவர். அவர் பெயர்தான் இன்றுவரை பேருந்துப் பலகையிலும் இருக்கிறது. அந்த மூலையிலிருந்து மேற்கே மின்ட் தெரு வரை நேராகப் போவது என்.எஸ்.சி. போஸ் சாலை. இந்த ஒரு சாலையைப் பிடித்துக்கொண்டால் வழி தவறாது. வடக்கே கிளம்புகிற தெருக்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சரக்கு.

கிழக்குப் பாதியில் தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, அரண்மனைக்காரத் தெரு. இங்கே வக்கீல் அலுவலகங்கள், கப்பல் ஏஜென்டுகள், வங்கிகள், இரும்புச் சாமான். வீட்டுக்கு வாங்க வருகிறவருக்கு அதிகம் வேலை இல்லை. பிராட்வே எனும் பிரகாசம் சாலையைத் தாண்டினால்தான் சந்தை சூடு பிடிக்கும். துணிக்கு கோடவுன் தெரு. காகிதப் பை, அலங்காரச் சாமான், எழுதுபொருளுக்கு பந்தர் தெரு. காகிதமும் அழைப்பிதழும் ஆண்டர்சன் தெரு. கண்ணாடிக்கும் வளையலுக்கும் தேவராஜ முதலித் தெரு. நாட்டு மருந்து, பூசைப் பொருள் என்றால் ராசப்பச் செட்டித் தெரு. பொம்மை, ஃபேன்ஸி சாமானுக்கு நாராயண முதலித் தெரு. நகைக்கடைகள் என்.எஸ்.சி. போஸ் சாலையிலேயே வரிசையாக இருக்கும். மேற்கே மின்ட் தெருவுக்குள் நுழைந்துவிட்டால் சௌகார்பேட்டை: சேலை, பாத்திரம், இனிப்பு.

இந்தப் பகுதியின் பழைய பெயர் கருப்பர் நகரம். ஐந்தாம் ஜார்ஜ் முடிசூட்டிக்கொண்ட 1911இல்தான் ஜார்ஜ் டவுன் ஆயிற்று. உயர் நீதிமன்றம் நிற்கிற இடத்தில்தான் அதற்கும் முந்திய கருப்பர் நகரம் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்து விட்டுப்போன பிறகு, கோட்டைச் சுவருக்கு அருகே வீடுகள் இருப்பது ஆபத்து என்று ஆங்கிலேயர்கள் இடித்துவிட்டார்கள். வியாபாரிகள் வடக்கே நகர்ந்து அமைத்ததே இப்போதைய தெருக்கள்.

மெட்ரோவில் போவதே புத்திசாலித்தனம். விமான நிலையத்திலிருந்து விம்கோ நகர் போகும் நீலத்தடத்தில் ஏறினால் மாறாமல் உயர் நீதிமன்றம் நிலையம். அடுத்தது மண்ணடி. மெட்ரோ நிலையத்திலேயே கழிப்பறையை முடித்துக்கொண்டு வெளியே வாருங்கள். தெருவுக்குள் போய்விட்டால் சுத்தமான கழிப்பறை தேடுவது பெரும்பாடு. வாடகைக் காரில் போனால் கடைசி அரைக் கிலோமீட்டருக்கு அரைமணி ஆகும். மீன்பாடி வண்டியும் (சரக்கு ஏற்றும் மூன்றுசக்கர வண்டி) கைவண்டியும் இருபுறமும் நிறுத்திய இருசக்கர வண்டிகளும் விட்ட இடுக்கில் கார் எங்கே போவது?

ஒரு நாளுக்கு மூன்று தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது தெருவில் கண் பார்க்கும், மூளை விலை கேட்காது.

கேள்வி: வளைகாப்புக்குக் கண்ணாடி வளையல் வாங்கப் போன என் தங்கையிடம் ஒரு கடையில் முகம் கொடுத்தே பேசவில்லையாம். வெளியூர்க்காரர் என்றால் இப்படித்தானா? (ஈசூன் வாசகி)

வெளியூர் உள்ளூர் பேதம் இல்லை. அளவு பேதம். அந்தக் கடைகள் திண்டிவனத்திலும் வேலூரிலும் இருக்கிற கடைக்காரர்களுக்கு விற்பவை. உள்ளே நுழைந்ததும் காதில் விழுகிற முதல் கேள்வியே, “ஹோல்சேலா, ரீடெய்லாம்மா?” என்பதுதான். “சும்மா பாக்கறேண்ணே” என்றால் அவர் அடுத்தவரிடம் திரும்பிவிடுவார். கோபம் இல்லை, நேரமில்லை.

அந்தத் தெருவின் அலகில் கேட்க வேண்டும். வளையல் டஜன் கணக்கில், பெட்டி கணக்கில். சின்னச் சாமான்கள் குரோஸ் கணக்கில். குரோஸ் என்றால் 12 டஜன், 144 உருப்படி. “இந்த டிசைன்ல 2-4 சைஸ் அஞ்சு டஜன், 2-6 பத்து டஜன், 2-8 அஞ்சு டஜன் வேணும்ணே, ரேட் சொல்லுங்க” என்று ஒரே மூச்சில் சொன்னால் ஸ்டூல் வந்துவிடும்.

இந்த 2-4, 2-6 என்ன என்று தெரியாமல்தான் பலர் தவறான அளவோடு திரும்புகிறார்கள். அது வளையலின் உள்விட்டம். முதல் எண் அங்குலம், இரண்டாவது எண் ஒரு அங்குலத்தில் பதினாறில் எத்தனை பங்கு என்பது. 2-4 என்றால் இரண்டேகால் அங்குலம், ஏறக்குறைய 57 மில்லிமீட்டர். 2-6 என்றால் 60, 2-8 என்றால் 63.5. “ரெண்டு புள்ளி நாலு” என்று கடையில் சொல்வதைக் கேட்டுத் தசமக் கணக்காக எடுத்துக்கொண்டு 2.4 அங்குலம் தேடினால் ஒரு சுற்றுப் பெரிய வளையல் வந்து சேரும். வீட்டில் கைக்குச் சரியாக இருக்கிற ஒரு வளையலை ஸ்கேலில் வைத்து உள்விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். வளைகாப்புக்கு வருகிற பெண்களின் கை தெரியாது என்றால் 2-6ஐ அதிகமாக, இரண்டு பக்கமும் கொஞ்சம் குறைவாக. கர்ப்பிணிக்கு வழக்கமான அளவைவிட ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள்; கடைசி மாதங்களில் கை வீங்கும்.

உடையாமல் கொண்டுவர: பெட்டியில் தளர்வாக இருந்தால் ஒன்றோடொன்று மோதித்தான் உடையும். டஜன் டஜனாக நூலால் இறுக்கிக் கட்டி, நடுத்துளையில் சுருட்டிய துணியைத் திணித்து, குழாய்போல் ஆக்கிப் பெட்டியின் நடுவில் படுக்க வைக்க வேண்டும். நூற்றுக்கு இரண்டு மூன்று உடைவது எப்படியும் உண்டு, ஒரு டஜன் கூட வாங்குங்கள்.

இரண்டே டஜன் போதும் என்றால் ஹோல்சேல் கடையில் நிற்காதீர்கள். அதே தெருவில் சில்லறைக்கும் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். விலை கொஞ்சம் கூட, மரியாதை நிறைய.

கேள்வி: எங்கள் குடியிருப்பாளர் குழுவில் பொங்கல் நிகழ்ச்சிக்கு 24 ஆண்களுக்கு ஒரே நிறத்தில் ஜிப்பா தைக்க வேண்டும். கோடவுன் தெருவில் துணி எடுத்தால் மலிவா? என்ன கவனிக்க வேண்டும்? (ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

மலிவுதான், ஆனால் துணியைப் பார்க்கத் தெரிந்தவருக்கு.

பன்னாவிலிருந்து ஆரம்பியுங்கள். பன்னா என்றால் துணியின் அகலம். 36, 44, 58 அங்குலம் என்று வரும். மீட்டர் விலை மட்டும் கேட்டு 36 பன்னாத் துணியை மலிவு என்று எடுத்தால், தையல்காரர் ஒரு ஆளுக்கு முக்கால் மீட்டர் கூடக் கேட்பார். முழங்கால் வரை நீளும் முழுக்கை ஜிப்பாவுக்கு 44 பன்னாவில் சராசரி உடம்புக்கு இரண்டரை மீட்டர், பருத்தவர்களுக்கு மூன்று. 24 பேரில் ஆறு பேர் பருத்தவர்கள் என்று வைத்தால் 18 பேருக்கு 45, 6 பேருக்கு 18, ஆக 63 மீட்டர். வெட்டில் வீணாவதற்கும் கறை, நூல் விட்ட இடத்துக்கும் மூன்று மீட்டர் சேர்த்து 66 கேளுங்கள்.

இவ்வளவும் ஒரே தானில் கிடைக்காது. தான் என்பது சுற்றிவைத்த முழுத்துணி. எத்தனை மீட்டர் என்பது அதன் சீட்டில் இருக்கும், துணிக்குத் துணி மாறும். உங்களுக்கு இரண்டு மூன்று தான் தேவைப்படலாம். சிக்கலே இங்கேதான். ஒரே பெயர், ஒரே நிற எண் என்றாலும் சாயத் தொட்டி மாறினால் நிறம் அரைச்சாயல் மாறும். கடை டியூப் லைட்டில் தெரியாது. மேடை விளக்கில் பன்னிரண்டு பேர் ஒரு மெரூன், மற்றப் பன்னிரண்டு பேர் இன்னொரு மெரூன் என்று நிற்பார்கள். “எல்லாம் ஒரே லாட்டா?” என்று கேளுங்கள். கேட்டதோடு விடாமல், ஒவ்வொரு தானின் ஓரத்தையும் இழுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாசல் வெளிச்சத்தில் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார், வாங்குபவர் விஷயம் தெரிந்தவர் என்று விலையில் ஒரு படி இறங்குவார்.

அடுத்து, வெள்ளைக் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துத் துணியின்மேல் பத்துத் தடவை அழுத்தித் தேயுங்கள். குட்டையில் நிறம் ஏறினால் அந்தச் சரக்கு வேண்டாம். சிங்கப்பூர் வியர்வைக்கு அது வேட்டியில்தான் இறங்கும். காட்டன் என்றால் சுருக்கமும் பார்க்க வேண்டும். ஒரு மீட்டர் மட்டும் முதல்நாள் வாங்கி, ஹோட்டலில் இரவு முழுக்க ஊறப்போட்டு, காலையில் காயவைத்து அளந்து பாருங்கள். நாலைந்து சென்டிமீட்டர் குறைவது சாதாரணம். அதற்கு மேல் போனால் மீட்டர் கணக்கைக் கூட்டுங்கள், அல்லது தைக்கும் முன் நனைத்துக் காயவைக்கச் சொல்லுங்கள்.

வெட்டிய துணி திரும்பாது, இது அங்கே எழுதாத சட்டம். அளக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். அளவு கோலில் துணியை இழுத்துப் பிடித்து அளந்தால் பத்து மீட்டருக்கு ஒரு சாண் போய்விடும். இழுக்காமல் படுக்கவைத்து அளக்கச் சொல்வதில் தப்பில்லை.

மெல்லிய காட்டனில் 66 மீட்டர் ஏறக்குறைய ஒன்பது கிலோ வரும். பெட்டிக் கணக்கை அதற்கேற்பப் போடுங்கள். குழுவின் பணத்தில் வாங்கும் துணி உங்கள் சொந்த உபயோகப் பொருள் ஆகாது என்பதால் சாங்கி விமான நிலையத்தில், பொருளை அறிவிப்பதற்கான சிவப்புத் தடத்தில் போய் ரசீதைக் காட்டிவிடுங்கள்.

கேள்வி: கல்யாணப் பத்திரிகையை ஆண்டர்சன் தெருவில் அடிக்கலாமா? (செங்காங் வாசகர்)

அடிக்கலாம். ஒரே தெருவில் நூற்றுக்கணக்கான மாதிரிகளைத் தொட்டுப் பார்க்க முடியும், இங்கே அது நடக்காது. ஆனால் இரண்டு நாள் பயணத்தில் முடிகிற வேலை இல்லை. முதல்நாள் மாதிரி பார்த்து, வாசகம் கொடுத்து, படி திருத்தி, அச்சாகி, உறை ஒட்டி வருவதற்குக் குறைந்தது நாலைந்து வேலை நாள் வையுங்கள். முகூர்த்த மாதங்களில் இன்னும் கூடும்.

பிழை எங்கே வரும் தெரியுமா? உங்கள் கைப்பேசித் தமிழ் யூனிகோடு. அச்சகத்தில் பக்கம் அமைக்கும் (டிடிபி) கணினிகள் பலவற்றில் இன்னும் பழைய எழுத்துருக்கள். நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியது அப்படியே ஏறாது. மாற்றியோ மறுபடி தட்டச்சு செய்தோதான் ஏற்றுவார்கள். அப்போது கொம்பு இடம் மாறும், ‘ஸ்ரீ’ கட்டம் ஆகும், ‘ஔ’ பிரிந்து நிற்கும். ஆகவே திரையில் பார்த்துச் சரி என்று சொல்லாதீர்கள். காகிதத்தில் ஒரு படி எடுக்கச் சொல்லி, ஒருவர் உரக்கப் படிக்க இன்னொருவர் மூலத்தைப் பார்க்கட்டும். பெயர்கள், கிழமை, தேதி, கோயில் முகவரியின் அஞ்சல் எண் ஆகியவற்றை எழுத்தெழுத்தாக. சிங்கப்பூர் முகவரியில் பிளாக் எண்ணும் வீட்டு எண்ணும் இடம் மாறுவது வழக்கமான விபத்து.

தடித்த அட்டையும் உறையும் சேர்ந்து ஒன்று 40 கிராம் என்றால் 300 பத்திரிகை 12 கிலோ. மாதிரியைத் தேர்ந்தெடுக்கும்போதே தராசில் வைத்துப் பாருங்கள். தாம்பூலப் பையும் வேண்டும் என்றால் பந்தர் தெரு பக்கத்திலேயே இருக்கிறது. பெயர் அச்சடிக்காத பை உடனே கிடைக்கும்.

கேள்வி: ராசப்பச் செட்டித் தெருவில் பூசைச் சாமான், நாட்டு மருந்து, தைப்பூசக் காவடிக்கு மயிற்பீலி எல்லாம் ஒரே நடையில் வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன். விமானத்தில் தடை உண்டா? (உட்லண்ட்ஸ் வாசகி)

உண்டு, ஒன்றல்ல பல. இந்தத் தெரு கந்தகோட்டத்துக்குப் பக்கம், வள்ளலார் சிறுவயதில் பாடிய கோயில். அர்ச்சனையை முடித்துக்கொண்டு நிதானமாகப் பட்டியலைப் பிரித்துப் பாருங்கள்.

மயிற்பீலியை முதலில் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். கடையில் கட்டுக் கட்டாக விற்பார்கள், உள்நாட்டில் விற்கத் தடையில்லை. ஆனால் இந்தியாவிலிருந்து வெளியே எடுத்துச் செல்லத் தடை. கடைக்காரருக்கு இது தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. செஞ்சந்தனக் கட்டையும் அப்படியே. முகப்பூச்சுக்கு ஒரு துண்டு என்று வாங்கி விமான நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள்.

கற்பூரம் எளிதில் தீப்பிடிக்கும் திடப்பொருள், கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. கொப்பரைக்கும் அதே கதி. எண்ணெய்ப் பசை அதிகம் என்பதால் தீ அபாயம். மிளகாய்த்தூளைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள், பெட்டியில் போடுங்கள்.

கசகசா. இதைப் பலர் அறியாமல் குருமா மசாலாவோடு கொண்டுவருகிறார்கள். இந்தியாவில் அது மளிகைச் சாமான். சிங்கப்பூரில் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் தடைப் பட்டியலில் உள்ள பொருள். தனியாகவும் வேண்டாம், வறுத்து அரைத்த மசாலாவிலும் வேண்டாம். அரைத்துத் தருகிற கடையில் “கசகசா சேர்க்காதீங்க” என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

நாட்டு மருந்தில் சுக்கு, திப்பிலி, அதிமதுரம், கடுக்காய் போன்ற முழுச் சரக்கு வாங்குவது நல்லது. பார்த்தால் என்னவென்று தெரியும், பூச்சி அரித்திருந்தாலும் தெரியும். கடுக்காயைக் குலுக்கினால் உள்ளே தூள் சத்தம் கேட்கக் கூடாது. பெயர் எழுதாத பழுப்புப் பொடியைப் பிளாஸ்டிக் உறையில் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்தால் எந்த விமான நிலையத்திலும் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். பஸ்பம், செந்தூரம் வகையறாக்களில் உலோகம் சேரும்; ஈயம், பாதரசம் கூடுதலாக இருந்த இத்தகைய மருந்துகள் பற்றி இங்குள்ள சுகாதார அறிவியல் ஆணையம் எச்சரித்திருக்கிறது. வைத்தியர் சீட்டு இல்லாமல் அவற்றைத் தொடாதீர்கள்.

குத்துவிளக்கு வாங்கினால் ஒன்று சொல்ல வேண்டும். நல்ல விளக்கு பகுதி பகுதியாகக் கழலும்: அடிப்பீடம், தண்டு, எண்ணெய்த் தட்டு, மேலே அன்னம். ஒவ்வொன்றும் மரை போட்டு ஒன்றில் ஒன்று முறுகும். கடையிலேயே முழுதும் கழற்றி, மறுபடி முறுக்கிப் பாருங்கள். மரை இரண்டு சுற்றிலேயே நின்றுவிட்டால் ஏற்றும்போது தட்டு சாயும், எண்ணெய் ஒரு பக்கம் வழியும். தரையில் வைத்து உச்சியை விரலால் தட்டினால் ஆடக் கூடாது. பித்தளையா, முலாம் பூசிய இரும்பா என்ற சந்தேகத்துக்கு ஒரு சின்னக் காந்தம் போதும். விலை எடைக்கணக்கு என்பதால், உள்ளே மண்ணோ மெழுகோ அடைத்திருக்கிறதா என்று அடிப்பீடத்தைக் கவிழ்த்துப் பார்ப்பதும் முறை.

கேள்வி: நகை வாங்கினால் சாங்கியில் எவ்வளவு வரி? (புக்கிட் பாத்தோக் வாசகி)

48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பும் குடிமகன், நிரந்தரவாசி ஒருவருக்கு 500 சிங்கப்பூர் வெள்ளி வரை ஜிஎஸ்டி விலக்கு. அதற்குக் குறைவான நேரம் என்றால் 100 வெள்ளி. வேலை அனுமதி, மாணவர், சார்ந்திருப்போர் அட்டை வைத்திருப்போருக்கு இந்த விலக்கு கிடையாது. 2,300 வெள்ளிக்குச் சங்கிலி வாங்கினால் 1,800க்கு 9 விழுக்காடு, 162 வெள்ளி. கணவர் விலக்கையும் மனைவி விலக்கையும் ஒரே சங்கிலிக்குச் சேர்க்க முடியாது. கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தால் வரி இல்லை என்பது வீட்டு வழக்காறு, சட்டத்தில் இல்லை. சிங்கப்பூர்ச் சுங்கத்துறையின் செயலியில் முன்கூட்டியே அறிவித்துக் கட்டிவிட்டால் வரிசையில் நிற்க வேண்டாம்.

வாங்கும்போது ரசீதில் எடை, சேதாரம், செய்கூலி தனித்தனியாக இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் தங்க நகைக்கு ஆறு எழுத்து-எண் கொண்ட ஹெச்யுஐடி முத்திரை கட்டாயம். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் தரம் 916தானா என்று கடையிலேயே தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னதாக இருக்கும், லென்ஸ் கேளுங்கள். இரண்டு லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்க நகைக்கடைக்குச் சட்டமே இடம் தராது.

கேள்வி: பணம் எப்படிக் கொண்டுபோவது? (தோ பாயோ வாசகர்)

ரொக்கம் கொஞ்சம், மீதி யுபிஐ (இந்தியாவில் கைப்பேசி வழி பணம் செலுத்தும் முறை). ஹோல்சேல் கடைகளில் அட்டை தேய்ப்பது அரிது, தேய்த்தாலும் இரண்டு விழுக்காடு கூடக் கேட்பார்கள். இந்திய வங்கியில் வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கு உள்ளவர்கள் சிங்கப்பூர் எண்ணிலேயே யுபிஐ பதிந்துகொள்ளலாம். புறப்படும் முன்பே வங்கியில் அதை முடித்துக்கொள்ளுங்கள். பேநவ்-யுபிஐ இணைப்பு ஆளுக்கு ஆள் பணம் அனுப்பத்தான், கடை க்யூஆருக்கு உதவாது. அலமாரியில் பழைய பயணத்து 2,000 ரூபாய்த் தாள் கிடந்தால் எடுத்துப் போகாதீர்கள். 2023இல் புழக்கத்திலிருந்து திரும்பப் பெற்றுவிட்டார்கள், எந்தக் கடையிலும் வாங்க மாட்டார்கள்.

கேள்வி: தீபாவளி முடிந்து கூட்டம் குறைந்ததும் போனால் சரியாக இருக்குமா? (பொங்கோல் வாசகி)

உடனே போகாதீர்கள். சௌகார்பேட்டையின் குஜராத்தி, மார்வாடி வியாபாரிகள் பலர் தீபாவளிக்குக் கணக்கு முடித்துக் கடையைப் பூட்டி, லாப பஞ்சமி அன்றுதான் புதுக்கணக்குப் போட்டுத் திறப்பார்கள். ஏறக்குறைய ஐந்து நாள் மின்ட் தெருவில் பாதி ஷட்டர் கீழேதான் இருக்கும். நவம்பர், டிசம்பரில் மழை வேறு. அந்தத் தெருக்களில் தண்ணீர் கணுக்கால் வரை நிற்கும்.

பொங்கல் கழிந்து மார்ச் வரை நல்ல காலம். ஞாயிற்றுக்கிழமை ஹோல்சேல் கடைகள் பெரும்பாலும் விடுமுறை; நடைபாதைக் கடைகள் மட்டும் இருக்கும். வார நாளில் பத்தரைக்கு மேல் போங்கள், அதற்கு முன் போனால் கடைப் பையன் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பான். முதல் போணி நேரத்தில் பேரம் பேசிவிட்டு வாங்காமல் திரும்புவது அங்கே பிடிக்காத காரியம்.

கேள்வி: சாப்பாடு? (ஹவ்காங் வாசகர்)

மின்ட் தெருப் பக்கம் முழுக்கச் சைவம், வெங்காயம் பூண்டு இல்லாத ஜெயின் வகையும் உண்டு. மாலையில் போனால் ஜிலேபி, கச்சோரி, சாண்ட்விச் எல்லாம் சூடாக. ஹலால் சாப்பாட்டுக்கு மண்ணடிப் பக்கம் திரும்புங்கள், பிரியாணிக்குப் பஞ்சமில்லை. ஹோலி சமயத்தில் தண்டை எனும் பால்பானம் குடிப்பவர்கள் அதில் பாங்கு கலந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் குடியுங்கள். அது கஞ்சா இலை. வெளிநாட்டில் உட்கொண்டாலும் சிங்கப்பூர்க் குடிமகனுக்கும் நிரந்தரவாசிக்கும் குற்றம் குற்றமே.

பர்மா பஜார் பக்கத்து வண்டிக்கடைகளில் அத்தோ சாப்பிடாமல் வராதீர்கள். பர்மாவிலிருந்து வந்த தமிழர்களுக்காக 1969இல் உருவானது அந்தக் கடைவரிசை. மஞ்சள் நூடுல்ஸ், கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருவார்கள். பக்கத்தில் வாழைத்தண்டு சூப். வயிறு மெல்லியவர்கள் சூப்பைச் சூடாகக் குடித்து, பச்சைக் கோஸை ஒதுக்கிவிடலாம். பஜாரில் சீல் உடைக்காத கைப்பேசி மலிவாக வந்தால் நகர்ந்துவிடுங்கள். துப்பாக்கி வடிவ லைட்டர், மின்சிகரெட், சூயிங் கம் மூன்றும் சிங்கப்பூருக்குள் நுழைய முடியாதவை.

கேள்வி: என் அப்பாவுக்கு 84 வயது. ரஜூலா கப்பலில் சென்னையிலிருந்து வந்தவர். அந்த இடத்தை மறுபடி பார்க்க ஆசைப்படுகிறார். முழங்கால் வலி. சந்தைக் கூட்டத்தில் கூட்டிப்போக முடியுமா? (அங் மோ கியோ வாசகி)

சந்தைப் பாதிக்கு வேண்டாம். நடைபாதை இல்லை, இருக்கிற இடத்தில் கடை இருக்கிறது, சக்கர நாற்காலி உருளாது. கிழக்குப் பாதிக்குத் தாராளமாகக் கூட்டிப்போகலாம், ஞாயிறு காலை ஏழரைக்கு. வங்கியும் அலுவலகமும் மூடியிருக்கும், கார் வாசல்வரை போகும்.

ராஜாஜி சாலையில் துறைமுகத்தின் எதிர்வரிசையிலிருந்து ஆரம்பியுங்கள். ரஜூலா பிடிக்க வந்தவர்கள் மூட்டையோடு நின்ற பக்கம் அது. டேர் ஹவுஸ் மூலையில் திரும்பித் தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில். 1677இல் மராட்டிய மன்னர் சிவாஜி வந்து வணங்கியதாகச் சொல்வார்கள், பாரதியார் வந்த கோயிலும் இதுதான். சற்றுத் தள்ளி அரண்மனைக்காரத் தெரு. அரண்மனை எதுவும் கிடையாது. ஆர்மீனியன் என்ற சொல் தமிழ் வாயில் அப்படி ஆகிவிட்டது. நம்மூரில் 1835இல் கட்டிய ஆர்மீனியத் தேவாலயத்தையும் அதன் பெயரில் உள்ள தெருவையும் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். அங்குள்ள தேவாலயம் 1772இல் கட்டியது. உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழை 1794இல் சென்னையில் அச்சடித்த பாதிரியாரின் கல்லறை உள்ளே இருக்கிறது. பிற்பகலில் மூடிவிடுவார்கள், காலையிலேயே பாருங்கள். முற்றத்தில் நிழல், உட்கார இடமும் உண்டு.

பவளக்காரத் தெருவை வண்டியிலிருந்தே பார்க்கலாம். கோல்கொண்டா வைரத்தை ஏற்றிப் பவளத்தை இறக்கிய யூத வியாபாரிகளால் வந்த பெயர். பின்னாளில் நகரத்தார் வீடுகள் வந்தன. நம்மூர் மார்க்கெட் ஸ்திரீட்டில் கிட்டங்கி (வட்டித் தொழில் நடத்திய இடம்) வைத்திருந்தவர்களின் சொந்தக்காரர்கள் அங்கே தங்கியதுண்டு. அப்பாவைக் கேட்டால் உங்களுக்குத் தெரியாத பெயர்கள் வரும், எழுதிக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு வெயில் ஏறும் முன் திரும்பிவிடுங்கள். மாடிப்படி இறங்கி மெட்ரோவுக்குப் போக நினைத்தால் உயர் நீதிமன்றம் நிலையத்தில் மின்தூக்கி இருக்கிற வாயில் எது என்று முதலில் காவலரிடம் கேட்டுவிட்டு அந்தப் பக்கமாகவே வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். எல்லா வாயிலிலும் மின்தூக்கி இல்லை.